பின்னி முடித்த கார்டிகனைக் கோத்து, அணிந்து, காப்பாற்றுவது: ராமநாதபுரம் கரையோரத்தாருக்கான வழிகாட்டி

ஊசியிலிருந்து கடைசிக் கண்ணியை (பின்னல் வளையத்தை) இறக்கியதும் கார்டிகன், அதாவது முன்பக்கம் பொத்தான் போடும் பின்னல் சட்டை, முடிந்துவிட்டதாக எண்ணுகிறவர்களே அதிகம். அப்போது கையில் இருப்பது முதுகுத் துண்டு ஒன்று, முன்துண்டு இரண்டு, கைத்துண்டு இரண்டு, ஆங்காங்கே தொங்கும் நூல் முனைகள் ஆகியவை மட்டுமே. இவற்றைத் துவைத்து, அளவுக்கு விரித்து உலர்த்தி, கோத்து, பட்டை பின்னி, பொத்தான் தைக்கும் வேலையைப் பற்றிக் கிடைக்கும் காணொளிகளும் கையேடுகளும் பெரும்பாலும் குளிர்நாட்டவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே குழாயைத் திறந்தால் குளிர்ந்த நன்னீர் வருகிறது. நமக்கோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, மாடித் தொட்டித் தண்ணீர் சித்திரையில் கை வைக்க முடியாத சூடு, காற்றில் எந்நேரமும் உப்பும் ஈரமும். அந்த அறிவுரைகளை அப்படியே பின்பற்றி நெடுநாள் அல்லாடிய பிறகு, தொண்டியிலிருந்து ராமேஸ்வரம், கீழக்கரை, சாயல்குடி வரை இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு எது ஒத்துவரும் என்பதைத் தனியே எழுதி வைக்கிறேன்.

துண்டு துண்டாகப் பின்னிக் கோக்கும் கார்டிகனை மனத்தில் வைத்தே கீழுள்ள படிகள் எழுதப்பட்டிருக்கின்றன. கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒரே துண்டாகப் பின்னியவர்கள் நான்காம் படியில் தோளுக்கு நாடா வைப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு மேலே செல்லலாம்.

1. தாள்களையும் மிச்ச நூலையும் முதலில் பத்திரப்படுத்துங்கள்

நூல் உருண்டையைச் சுற்றியிருக்கும் லேபிள்தான் இந்த வேலையின் முதல் ஆவணம். நூல் எதனால் ஆனது, எடை எவ்வளவு, எந்த அளவு ஊசிக்கு உரியது, எப்படித் துவைக்க வேண்டும் என்பவற்றோடு சாயத் தொகுதியின் எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். ஒரே நிறம், ஒரே நிறுவனம் என்றாலும் தொகுதி எண் மாறினால் நிறத்தில் மெல்லிய வேறுபாடு வரும். கழுத்துப் பட்டைக்கு நூல் போதாமல் மீண்டும் வாங்கப் போகும்போது அந்த எண் கையில் இல்லையென்றால் கடைக்காரரால் உதவ முடியாது.

லேபிளில் உள்ள சிறு படங்களையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டுமே துவைக்க வேண்டும். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் பிளீச் ஆகாது. சதுரத்துக்குள் வட்டம் இருந்து அதன் மேல் பெருக்கல் குறியும் இருந்தால் இயந்திரத்தில் சூட்டில் உலர்த்தக் கூடாது. இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 பாகை செல்சியஸ், இரண்டு இருந்தால் 150, மூன்று இருந்தால் 200 வரை சூடு தாங்கும்.

லேபிளோடு சேர்த்து ஒரு உறையில் வைக்க வேண்டியவை இன்னும் சில உண்டு: பின்னல் குறிப்பு, கடை ரசீது, அணியப்போகிறவரின் மார்புச் சுற்று, தோள் அகலம், கை நீளம் எழுதிய தாள், பின்னத் தொடங்கும் முன் செய்து பார்த்த மாதிரித் துண்டு. மாதிரித் துண்டை அவிழ்த்து நூலாக்கி மிச்சப்படுத்தாதீர்கள். சோப்பு, சூடு, சாயம் போவது, காஜாவின் அளவு என எல்லாச் சோதனைகளும் அதன் மேல்தான் நடக்கப் போகின்றன. பழுது பார்ப்பதற்காக 15 அல்லது 20 கிராம் நூலும் தனியாக இருக்கட்டும்.

2. நூல் எது என்பதை உறுதிசெய்யுங்கள்

நம் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்களில் "உல்லன்" என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். அதில் குறையொன்றும் இல்லை. விலை குறைவு, அந்துப்பூச்சி அரிக்காது. ஆனால் கம்பளிக்கும் அக்ரிலிக்குக்கும் பருத்திக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு என்பதால், லேபிள் தொலைந்திருந்தால் விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டின் மேல் எரித்துப் பாருங்கள். கம்பளி தலைமயிர் கருகும் நாற்றத்தோடு மெதுவாக எரிந்து, நெருப்பை விலக்கியதும் அணையும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகி எரிந்து கெட்டியான கரிய மணியாக உறையும். அந்தச் சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும் என்பதால் கையால் பிடித்து எரிக்கவே கூடாது.

கலப்பு நூலாக இருந்தால் இந்தச் சோதனை குழப்பும். அப்போது அதைக் கம்பளி என்றே வைத்துக்கொண்டு நடத்துங்கள். கம்பளிக்குச் செய்யும் பக்குவம் மற்ற எதையும் கெடுக்காது.

3. கோப்பதற்கு முன் துவைத்து, அளவுக்கு விரித்து உலர்த்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் கவனமாகப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். பின்னி முடித்த துண்டுகள் சுருண்டும் கோணியும் இருக்கும். அப்படியே கோத்தால் ஒரு பக்க நீளம் மறுபக்கத்துக்குப் பொருந்தாது, பிறகு துவைக்கும்போது ஒவ்வொரு துண்டும் தன் போக்கில் நீளும். கோப்பதற்கு முன்பே நனைத்து, நாம் விரும்பும் அளவுக்கு விரித்துக் காயவைத்துவிட்டால் கண்ணிகள் சமமாகப் படிந்து, ஓரங்கள் நேராகி, கோக்கும் வேலை பாதியாகக் குறையும்.

*தண்ணீர்.* உவர்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெண்மையான பிசுக்காக நூலுக்குள் படியும். துணி விறைக்கும், நிறம் மங்கும். தங்கிவிடும் உப்போ காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் காய்ந்த கார்டிகனும் தொட்டால் சில்லென்றிருக்கும். ஆகவே காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்த தண்ணீரையோ, மூடி வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். ஊறவைக்க ஒரு வாளி, அலச இரண்டு வாளி என்று கணக்கிட்டால் மூன்று குடம் தண்ணீர் போதும். அவ்வளவு கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் முதல் இரண்டு வாளிக்குக் கிணற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு, கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில், ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து செய்யலாம்.

*சூடு.* கம்பளி சுருங்கிக் கட்டியாவதற்குச் சூடும் கசக்கலும் திடீர் வெப்ப மாற்றமும் காரணம். மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் இதற்குப் போதுமான சூட்டில் இருக்கும். "பச்சைத் தண்ணீரில்தானே நனைத்தேன்" என்று சொல்லியே பலருடைய கார்டிகன் குழந்தை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. விடியற்காலையில் தண்ணீரைப் பிடித்து நிழலில் வைத்துக்கொண்டு, ஊறவைக்கும் தண்ணீரும் அலசும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

*சோப்பு.* சலவைத் தூளும் துணிச் சோப்புக் கட்டியும் வேண்டாம். அவற்றின் காரத்தன்மை கம்பளி இழையைச் சிதைக்கும். கறை நீக்கும் நொதிகள் கலந்த தூள்கள் இன்னும் மோசம். கம்பளிக்கென விற்கும் திரவ சோப்போ, குழந்தைகளுக்கான ஷாம்புவோ ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டி போதும். பூந்திக்கொட்டைச் சாறு அருமையாக வேலை செய்யும். வெள்ளை, இளமஞ்சள் போன்ற வெளிர் நிறங்களில் மட்டும் லேசாகப் பழுப்பேற்றக்கூடும் என்பதால் மாதிரித் துண்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு நிறங்கள் சாயம் விடுகின்றனவா என்பதையும் அதே துண்டை வெள்ளைத் துணியில் ஈரத்தோடு அழுத்தி அறியலாம்.

துண்டுகளைத் தண்ணீரில் மெதுவாக அமிழ்த்தி, 20 முதல் 30 நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள். தேய்க்காதீர்கள், முறுக்காதீர்கள், ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள்; ஈரமான துண்டு தன் எடையாலேயே நீண்டுவிடும், பருத்தியானால் கேட்கவே வேண்டாம். இரு கைகளாலும் அடியிலிருந்து ஏந்தி எடுத்து, பூந்துவாலையில் பரப்பி, பாயைச் சுருட்டுவது போல் சுருட்டி, அதன் மேல் ஏறி மிதியுங்கள். வீட்டில் இரட்டைத் தொட்டி இயந்திரம் இருந்தால், தலையணை உறைக்குள் போட்டு, பிழியும் தொட்டியில் மட்டும் ஒரு நிமிடம் சுழற்றலாம். மழைக்காலத்தில் அந்த ஒரு நிமிடம் ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும்.

*விரிப்பு.* கயிற்றுக் கட்டிலின் மேல் கோரைப்பாய், அதன் மேல் சாயம் போகாத பழைய வேட்டி. இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எந்த நாட்டுக் கடையிலும் வாங்க முடியாது, ஏனென்றால் அடியிலிருந்தும் காற்று வருகிறது. துண்டுகளை அதில் பரப்பி, இன்ச் டேப்பால் அளந்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள். கோத்த பிறகு மார்புச் சுற்று உடலளவைவிட 2 முதல் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 36 அங்குல மார்புக்கு முதுகுத் துண்டு 19 அல்லது 20 அங்குல அகலத்தில் இருக்கட்டும். இரண்டு முன்துண்டுகளையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகவும், இரண்டு கைகளையும் அவ்வாறேயும் வைத்து அளந்தால் வேறுபாடு கண்ணில் படும்.

ஓரங்களை நிறுத்தி வைக்கக் குண்டூசி குத்தச் சொல்வார்கள். நம் காற்றில் சாதாரணக் குண்டூசி ஈரத்துணியில் ஒரே இரவில் துருவேறி, போகாத கறையை விட்டுச் செல்லும். துருப்பிடிக்காத எஃகு ஊசி கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் தையல் நூலால் ஓரத்தை வேட்டியோடு பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டுவிட்டு, காய்ந்தபின் நூலை உருவிவிடலாம்.

வெயிலில் வைக்க வேண்டாம். நிழலும் மின்விசிறியும் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மாடியில் வைத்தால் கண்ணிக்குள் மணல் ஏறும். கருவாடு காயும் களத்திலிருந்து காற்று வரும் திசையில் வைக்கவே கூடாது. கம்பளி வாடையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மாசி, பங்குனியில் கம்பளி ஒன்றரை நாளிலும் தடித்த பருத்தி இரண்டு நாளிலும் காயும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நான்கு நாள் ஆகும், பருத்தியில் புழுங்கல் நாற்றமும் வரும். அவசரம் இல்லையென்றால் இந்தப் படியைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

அக்ரிலிக்கை எவ்வளவு விரித்தாலும் நீரால் மட்டும் பெரிதாக மாறாது. படிந்தால் போதும் என்று விட்டுவிடுங்கள். அதன் மேல் இஸ்திரிப் பெட்டியையோ நீராவியையோ வைத்தால் இழைகள் உயிரிழந்து தொளதொளவென்று தொங்கும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியே இல்லை.

4. கோத்தல்

தேவையான கருவி மொட்டை முனையும் பெரிய காதும் உள்ள உல்லன் ஊசி. கோணி ஊசி பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அதன் கூர்முனை இழையைப் பிளந்துகொண்டு போகும். கரையோரத்தில் கைக்கு எளிதாகக் கிடைக்கிறது, வலுவாகவும் இருக்கிறது என்று வலை பழுதுபார்க்கும் நைலான் நூலால் கோக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அந்த வலுவே கேடு, இழுபடும்போது நைலான் அறுபடாது, கம்பளிதான் அறுபடும். பின்னிய அதே நூலால், முழங்கை நீளத் துண்டுகளாக எடுத்துக் கோத்துக்கொள்ளுங்கள். நீளமாக எடுத்தால் உரசி உரசி நைந்துவிடும்.

வரிசை முக்கியம். முதலில் தோள்கள், அடுத்து கை வைத்தல், பிறகு அக்குளிலிருந்து மேலாகக் கையின் ஓரமும் கீழாக உடலின் ஓரமும், கடைசியாகக் கழுத்துப் பட்டையும் முன்பட்டைகளும். தோளை மூடுமுன் அதன் பின்புறத்தில் கழுத்திலிருந்து கை தொடங்கும் இடம் வரை பருத்தி நாடா ஒன்றை வைத்துத் தைத்துவிடுங்கள். பருத்திக் கார்டிகன் அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். அந்தக் கனம் முழுவதையும் தாங்குவது தோள் தையல் மட்டுமே, நாடா இல்லையென்றால் சில மாதங்களில் தோள் முழங்கை நோக்கி நழுவும். நாடாவை முன்கூட்டியே வெந்நீரில் நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பக்கவாட்டு ஓரங்களுக்கு, இரண்டு துண்டுகளின் நல்ல பக்கமும் உங்களைப் பார்க்குமாறு அருகருகே வைத்து, ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையில் ஏணிப்படி போல் தெரியும் குறுக்கிழையை ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்துச் செல்ல வேண்டும். நாலைந்து படிக்கு ஒருமுறை நூலை மெல்ல இழுத்தால் இரு ஓரங்களும் மூடிக்கொண்டு தையலே தெரியாமல் போகும். இறுக்கி இழுத்தால் ஓரம் சுருங்கும்.

இரண்டு முன்துண்டுகளின் நீளத்தையும் டேப்பால் ஒப்பிடுவதோடு நிற்காமல் வரிசைகளை எண்ணுங்கள். டேப் ஏமாற்றும், வரிசை எண்ணிக்கை ஏமாற்றாது. கை வைக்கும்போது கையின் மேல் வளைவின் நடுப்புள்ளியைத் தோள் தையலோடு ஊக்கால் பிணைத்து, அக்குளில் இரு முனைகளையும் பிணைத்து, பிறகு இடைப்பட்டதைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு தையுங்கள். ஒரு முனையில் தொடங்கிப் போகிற போக்கில் தைத்தால் மறுமுனையில் துணி மிஞ்சும்.

5. முன்பட்டை, காஜா, பொத்தான்

கார்டிகனைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது முன்பட்டைதான். முன்துண்டின் ஓரத்திலிருந்து புதிதாகக் கண்ணிகளை எடுத்துப் பட்டை பின்னும்போது, சாதாரண நேர்ப் பின்னலில் நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்று எடுப்பது பெரும்பாலும் ஒத்துவரும். வரிசைக்கு ஒன்றாக எடுத்தால் பட்டை அலை அலையாக நெளியும். குறைத்து எடுத்தால் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். உடலுக்குப் பயன்படுத்தியதைவிட ஓரளவு சிறிய ஊசியால் பின்னினால் பட்டை விறைப்பாக நிற்கும். பொத்தான் வரும் பட்டையை முதலில் முடித்து, அதில் இடங்களை ஊக்கால் குறித்துக்கொண்டு, அதை அளவாக வைத்துக் காஜா வரும் பட்டையைப் பின்னுங்கள். பெண்களுக்கானதில் காஜா வலப்பக்கத்திலும் ஆண்களுக்கானதில் இடப்பக்கத்திலும் வருவது வழக்கம்.

இடம் குறிக்கும்போது மேல் பொத்தானையும் கீழ்ப் பொத்தானையும் முதலில் தீர்மானியுங்கள். மார்பின் மிக அகலமான இடத்துக்கு நேராக ஒன்று கட்டாயம் வர வேண்டும். இல்லையென்றால் அங்கே வாய் பிளந்து நிற்கும். மற்றவற்றை இவற்றுக்கு இடையே சம தூரத்தில் வைக்கலாம். பின்னல் துணி நெகிழும் என்பதால் காஜா பொத்தானைவிடச் சற்றுச் சிறியதாக, கொஞ்சம் முயன்றால்தான் நுழையும் அளவில் இருக்க வேண்டும். மாதிரித் துண்டில் ஒரு காஜா போட்டு, வாங்கப்போகும் பொத்தானை நுழைத்துப் பார்த்த பிறகே பட்டையைத் தொடங்குங்கள். பொத்தானைப் பின்னலுக்குப் பிறகு வாங்கலாம் என்று விடுவதுதான் புதியவர்கள் பரவலாக விழும் பள்ளம்.

உலோகப் பொத்தான், அழுத்துப் பொத்தான், உலோக ஜிப் எதுவும் இந்தக் கரைக்கு ஆகாது. மேலே பூச்சு பளபளத்தாலும் அடிப்பக்கத்துக் காதில் துரு தொடங்கி, அதைச் சுற்றியுள்ள நூலைப் பழுப்பாக்கும். பிளாஸ்டிக் பொத்தான் அழகில் சுமாரென்றாலும் தொல்லை தராது. சிரட்டைப் பொத்தான் எனக்குப் பிடித்தது. ஆனால் துளையின் விளிம்பு வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். ராமேஸ்வரத்துக் கடைகளில் அலங்காரத்துக்காக விற்கும் துளையிட்ட சிப்பிகளைப் பொத்தானாக்கும் ஆசை பலருக்கும் வரும். அவற்றின் துளை விளிம்பு கத்திபோல் இருக்கும். இரண்டு முறை கழற்றி மாட்டினால் நூல் அறுந்துவிடும்.

பொத்தானை நேராகப் பின்னலின் மேல் தைக்காமல், பின்புறத்தில் ஒரு சின்னஞ்சிறு சட்டைப் பொத்தானை வைத்து இரண்டையும் சேர்த்துத் தைத்தால் இழுவை கண்ணியின் மேல் விழாது. பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பிறகு உருவிவிட்டு, நூலை அடியில் சுற்றி முடித்தால் சிறு கழுத்து உண்டாகும். தடித்த பட்டை அதில் தட்டையாக அமரும். உபரிப் பொத்தான் ஒன்றை உள்பக்க ஓரத்தில் தைத்துவிடுங்கள்.

கையால் காஜா போட வராதவர்கள் தையல்காரரிடம் இயந்திரக் காஜா போட்டுக்கொள்ளலாம், ஆனால் பட்டையின் பின்புறத்தில் சுருங்கவிட்ட ரிப்பன் ஒன்றைத் தைத்துக் கொடுத்தால் மட்டுமே. ரிப்பன் இல்லாமல் இயந்திரத்தின் கீழ் வைத்தால் பின்னல் இழுபட்டு, காஜா வாய் திறந்தபடியே இருக்கும், சில சமயம் கண்ணியே அறுந்து ஓடும். எத்தனை காஜா, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம், பட்டை நீளவாக்கிலா குறுக்காகவா என்பதைத் தாளில் எழுதி, பொத்தான் ஒன்றையும் மாதிரித் துண்டையும் அதோடு ஊக்கால் குத்திக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வந்தால் கடையில் இருக்கும் உதவியாளருக்கு அது போய்ச் சேராது.

6. நூல் முனைகள்

கோத்து முடிந்தபின் தொங்கும் முனைகளை ஊசியில் கோத்து, தையல் ஓரத்துக்குள் இரண்டு மூன்று அங்குலம் ஒரு திசையிலும், பிறகு சிறிது எதிர்த்திசையிலும் ஓட்டிவிடுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்கினால் முடிச்சு வெளியே எட்டிப் பார்க்கும், பருத்தியில் அவிழ்ந்தும் போகும். கால் அங்குலம் விட்டு நறுக்கி, ஒருமுறை துவைத்த பிறகு மிச்சத்தை வெட்டுங்கள்.

7. செலவும் காலமும்

நூலை விட்டுவிட்டுப் பார்த்தால் முடிக்கும் வேலைக்குப் பெரும் செலவு இல்லை. பொத்தான், நாடா, ரிப்பன், உல்லன் ஊசி, திரவ சோப்பு, விலைக்கு வாங்கும் இரண்டு மூன்று குடம் தண்ணீர், வெளியே கொடுத்தால் காஜாக் கூலி ஆகிய அனைத்தும் சேர்ந்து முந்நூறு முதல் ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். சிரட்டை, மரம் என்று பொத்தானைத் தேர்ந்தால் அதிலேயே நூறு ரூபாய் கூடும். ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் தையல் சாமான் கடைகளில் பொத்தானும் நாடாவும் கிடைக்கும். நிறம் பொருந்தவில்லையென்றால் மதுரை விளக்குத்தூண் பகுதிக்குத்தான் போக வேண்டும். பேருந்தில் போய்வர ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே தனியாகப் போகாமல், மருத்துவமனைக்கோ கல்யாணச் சாமானுக்கோ போகும் நாளில் லேபிளையும் மாதிரித் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு போனால் பயணச் செலவு மிச்சம்.

காலத்தைப் பொறுத்தவரை, துவைத்து உலர்த்த இரண்டு மூன்று நாள், கோக்க மாலைப் பொழுதுகளில் ஒரு வாரம், பட்டைக்கும் பொத்தானுக்கும் இன்னொரு வாரம் ஒதுக்குங்கள். தையல்காரரை நம்பியிருப்பவர்கள் தீபாவளி, ரம்ஜான், பொங்கலுக்கு முந்தைய வாரங்களையும், பள்ளிச் சீருடை தைக்கும் வைகாசியையும் தவிர்க்க வேண்டும். அந்த நாட்களில் ஏழெட்டுக் காஜாவுக்காக யாரும் இயந்திரத்தைத் திருப்ப மாட்டார்கள்.

8. அணிதல்

மார்கழி விடியலில்கூட நம் கரையில் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே கம்பளிக் கார்டிகன் ஊருக்குள் அணிவதற்கு உரியதன்று. சென்னை செல்லும் இரவு ரயிலின் குளிர்சாதனப் பெட்டி, தொலைதூரப் பேருந்து, கொடைக்கானல், மூணாறு, வெளியூரில் படிக்கும் பிள்ளையின் விடுதி ஆகியவையே அதற்கு இடம். ஊரில் அதிகாலையில் போர்த்த வேண்டுமென்றால் மெல்லிய பருத்திக் கார்டிகன் பொருந்தும். பின்னல் துணி காற்றைத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்: பாம்பன் சாலைப் பாலத்தில் விடியலில் இருசக்கர வண்டியில் போகிறவர்கள் அதன் மேல் காற்றுப் புகாத மெல்லிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டால்தான் குளிர் அடங்கும்.

உடம்பின் மேல் நேராக அணியாமல் உள்ளே பருத்திச் சட்டையோ ரவிக்கையோ இருக்கட்டும். வியர்வை படாவிட்டால் துவைக்கும் எண்ணிக்கை குறையும். புடவையின் மேல் அணிகிறவர்கள் முந்தானையைக் கார்டிகனோடு சேர்த்து ஊக்குக் குத்தாதீர்கள். பர்தாவின் உள்ளே அணிகிறவர்கள் தலைத்துணியின் ஊசி தோள்பட்டையில் உரசாத இடத்தில் குத்திக்கொள்ளுங்கள். வளையல், சங்கிலியின் கொக்கி, கைப்பையின் ஒட்டுப்பட்டை ஆகிய மூன்றுமே கண்ணியை இழுப்பவை. இழுபட்டு வெளியே நீண்ட கண்ணியை ஒருபோதும் கத்தரிக்காதீர்கள். அக்கம்பக்கத்துக் கண்ணிகளை மெல்ல இழுத்து நீளத்தைப் பகிர்ந்துவிட்டு, மீந்ததை உல்லன் ஊசியால் உள்பக்கம் தள்ளிவிடலாம்.

அக்குளிலும் பை உரசும் இடுப்பிலும் உருளும் பஞ்சுமணிகள் நூலின் இயல்பு. அவற்றைப் பிய்த்து எடுத்தால் மேலும் இழை வெளியே வரும். துணியைத் தட்டையாக விரித்து, பழைய சீப்பால் ஒரே திசையில் வாரினால் போய்விடும்.

ஒரு நாள் அணிந்தால் மறுநாள் ஓய்வு கொடுங்கள். ஆணியிலோ ஹேங்கரிலோ மாட்டினால் தோளில் கூம்பு விழும். மடித்தே வைக்க வேண்டும். அரிச்சல்முனைப் பக்கம் போய்க் கடல் தூவல் பட்டிருந்தால், அழுக்கில்லை என்றாலும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள்.

9. எடுத்து வைத்தல்

நம் ஊரில் கார்டிகன் அணியும் நாட்களைவிடப் பீரோவில் கிடக்கும் நாட்களே மிகுதி, அதனால் கெடுவதும் அங்கேதான். பயணம் முடிந்ததும் துவைக்காமல் வைத்துவிடக் கூடாது. அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், அதிலும் வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தையே தேடிப் போகும். பருத்தியையும் அக்ரிலிக்கையும் அது விட்டுவிட்டாலும், அவற்றில் ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும்.

மூன்றாம் படியில் சொன்னபடியே துவைத்து உலர்த்தி, காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஒரு நாள் கூடுதலாக மின்விசிறியின் கீழ் விடுங்கள். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வைத்துக்கொண்டும் கைக்கு உலர்ந்தது போலவே இருக்கும். பிறகு மடித்து, பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். இரும்புப் பீரோவின் சுவரில் மழைக்காலத்தில் நீர் முத்துமுத்தாகக் கட்டுவதால், சுவரை ஒட்டி வைக்காமல் நடுவில் வைப்பது நல்லது. அந்துருண்டையைத் துணியில் முடிந்து, கார்டிகனின் மேல் படாதபடியும் குழந்தைகளுக்கு எட்டாதபடியும் வையுங்கள். வசம்புத் துண்டு வைக்கிறவர்களும் உண்டு, வாடை மென்மையாக இருக்கும் என்றாலும் அதை மட்டும் நம்பி மாதக்கணக்கில் திறக்காமல் இருக்க வேண்டாம்.

வெயில் அடிக்கும் மாதங்களில் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, உதறி, நிழலில் அரை நாள் காற்றாட விட்டு, மடிப்பை இடம் மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் நூல் தளர்ந்துவிடும். ஐப்பசியில் மழை தொடங்கிவிட்டால் உறையைத் திறக்காமல் விடுவதே மேல். அந்துருண்டையின் வாடை போக நான்கைந்து நாள் பிடிக்கும் என்பதால், டிசம்பர் விடுமுறைக்கு மலைக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வெளியே எடுத்து, வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ் விரித்து வையுங்கள்.